பஸ்காரருக்கு விருந்து வைத்த விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணனின் ஆசிகள். நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். உன் அண்ணி போனபிறகு மகள் என்னை இந்த நாட்டுக்கு அழைத்து வந்து ஏழு மாதமாகிறது. இந்த ஏழு மாதத்தில் வெளியார் ஒருவர்கூட என்னிடம் “சாப்டீங்களா?” என்று கேட்கவில்லை. மழையைப் பற்றி மட்டும் விசாரிக்கிறார்கள்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். தனிக்கட்டை, நல்ல மனுஷன். போன மாதம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டுச் சீட்டு கொடுத்தார். பன்னிரண்டரை முதல் இரண்டு வரை என்று எழுதியிருந்தது. வரும் நேரம் சொல்வது சரி, கிளம்பும் நேரத்தையும் சொல்லியா விருந்துக்குக் கூப்பிடுவார்கள்? மனுஷன் இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். போனோம். தட்டில் கொஞ்சம் வைத்தார். தீர்ந்ததும் இன்னும் வேண்டுமா என்று கேட்டார். மகள்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்ப்பு. நான் நம் வழக்கப்படி “வேண்டாம்” என்றேன். முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு, மூன்றாவது சொல்வதற்குள் தட்டில் விழுந்திருக்க வேண்டும், இல்லையா? இவர் “சரி” என்று பாத்திரத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். நான் அந்த ஃபிரிட்ஜ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

“உபசாரம்னா என்னன்னு நான் காட்டுறேன் பாரு” என்று மகளிடம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டேன். மகள் சமைத்தாள், நான் பரிமாறினேன். தட்டு காலியானது, வைத்தேன். போதும் என்றார், கூச்சப்படுகிறார் என்று இன்னும் வைத்தேன். கையால் தட்டை மறைத்தார். விரலிடுக்கில் குழம்பை விட்டேன். வியர்க்க வியர்க்க அத்தனையையும் தின்று தீர்த்தார். மகள் பதறிப்போய், “அப்பா, தட்டுல மிச்சம் வச்சா இவங்க ஊர்ல அவமரியாதை. நீங்க நிறுத்தினாத்தான் அவரு நிறுத்துவாரு!” என்றாள். காலித் தட்டைக் கண்டால் நான் விடமாட்டேன், நிறைந்த தட்டைக் கண்டால் அவர் விடமாட்டார். கடைசியில் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு சோபாவில் சாய்ந்தவரை நாங்கள் இரண்டு பேருமாகக் கைத்தாங்கலாக அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டோம்.

“நீங்க பண்ணது உபசாரம் இல்லப்பா, அராஜகம்” என்கிறாள் மகள். தம்பி, நீயே சொல். நம் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் எத்தனை பேர் வந்தார்கள்! தபால் ஆபீசில் என்னோடு இருந்தவர்கள், மாற்றலாகி வந்து வீடு கிடைக்காதவர்கள், மீட்டர் பார்க்க வந்தவர், விலாசம் தப்பி நம் வீட்டில் நுழைந்த கல்யாணக் கோஷ்டி. வாசலிலிருந்தே “நாலு தட்டு வை” என்று குரல் கொடுப்பேன். உள்ளேயிருந்து ஒருநாளும் மறுப்பு வந்ததில்லை, சுடச்சுடச் சாப்பாடுதான் வரும். இங்கே அரிசி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, வாசல் மணிதான் அடிக்கமாட்டேன் என்கிறது.

ஆகவே நம் வீட்டில் சாப்பிட்டுப் போனவர்களை ஞாபகப்படுத்தி ஒரு பட்டியல் எழுதி அனுப்பு. அதைப் பஸ்காரருக்கு வாசித்துக் காட்டி, உபசாரத்தில் நம் நாட்டை மிஞ்ச ஆளில்லை என்று ஒப்புக்கொள்ள வைக்காமல் ஓயமாட்டேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. வயிறு நிறைய, மனசு நிறைய இருங்கள்.

இப்படிக்கு,
விருந்தாளிக்குக் காத்திருக்கும் உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பஸ்காரரே வந்துவிட்டார், விருந்து முடிந்து நாலு நாளைக்கு அப்புறம். பட்டியல் வரும்வரை பொறுக்காமல் நானே நம் வீட்டுப் பெருமையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள்: “அத்தனை பேரும் சாப்பிட்டப்புறம் அம்மா எப்போ சாப்பிட்டாங்க, என்ன சாப்பிட்டாங்கன்னு கேக்குறாருப்பா.” சொல்லிவிட்டு அவளும் பதிலுக்காக என் முகத்தையே பார்த்தாள். எனக்குத் தெரியவில்லை தம்பி. முப்பத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். பட்டியல் வேண்டாம். நீ எங்களோடு ஆறு வருஷம் தங்கிப் படித்தவன். உன் அண்ணி உட்கார்ந்து சாப்பிட்டதை ஒருநாளாவது பார்த்திருந்தால், அதை மட்டும் எழுது.