நான் ஓடினேன், பட்டாசு ஆலையே ஓடியது

மனிதனுக்கு இதயம் ஒன்றுதான் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. பயந்தவனுக்கு அப்படியில்லை. தொண்டையில் ஒன்று, இரண்டு காதுகளிலும் ஒவ்வொன்று, முழங்காலில் இரண்டு. ஆக ஐந்து. நானே எண்ணியிருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். விருதுநகரில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். இரண்டு வரன்கள் தட்டிப்போய், மூன்றாவதாகச் சிவகாசியில் ஓர் இடம் வந்தது. பெண்ணின் தகப்பனார் பட்டாசு ஆலையில் போர்மேன். பெண் அதே ஆலையின் முதலுதவி அறையில் நர்ஸ். போட்டோவில் பார்த்தே மனதுக்குள் சம்மதித்துவிட்டேன். அவள் சம்மதம்தான் பாக்கி. சாயங்காலம் வீட்டில் பெண் பார்ப்பதற்குமுன் ஆலையைப் பார்க்க வரச்சொன்னார் தகப்பனார். (மாப்பிள்ளையை எடைபோடத்தான், வேறென்ன?)

கலவை அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, "தம்பி, இங்கன ஒரே சட்டந்தான். ஒருத்தன் ஓடுனா அம்புட்டுப் பேரும் ஓடணும். என்ன ஏதுன்னு வெளிய போயித்தான் கேக்கணும்" என்றார்.

தலையாட்டினேன். பிறகு, வழக்கம்போல் கதவுகளை எண்ணினேன். சின்னஞ்சிறு அறைக்கு நான்கு கதவுகள். நான்கும் வெளிப்பக்கமாகத் திறப்பவை. எதற்கு நான்கு என்று யோசித்தேன். அந்த யோசனைதான் வினையானது.

நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை நனைந்தது, வயிறு ராட்டினத்தில் ஏறியது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதவில்லை. உதடு மரத்தது. கடைசியில் கைவிரல்கள் பத்தும் சுருக் சுருக்கென்று குத்தி, கோழிக்கால்போல மடங்கிக்கொண்டன. சந்தேகமேயில்லை, வெடிமருந்துத் தூளின் விஷம் தலைக்கேறிவிட்டது!

ஓடினேன்.

பின்னாலேயே திமுதிமுவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் சல்லடைகளைப் போட்டுவிட்டு மொத்த ஆலையும் ஓடிவருகிறது. முன்னால் என் வருங்கால மாமனார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. ஐயோ, நிஜமாகவே வெடிக்கப்போகிறது போலிருக்கிறதே என்று நான் இன்னும் வேகம் பிடித்தேன். அதைப் பார்த்து அவர்களும் பிடித்தார்கள். வேலிமுள் மட்டும் குறுக்கே வராதிருந்தால் சாத்தூர்வரை போயிருப்போம்.

எல்லோரும் தரையில் குப்புறப் படுத்துக் காத்திருந்தோம். ஒன்றும் வெடிக்கவில்லை.

மாமனார் தலையைத் தூக்கினார். "ஏலே, முதல்ல ஓடுனது யாருலே?"

"வாத்தியாருண்ணே!"

"என்னத்தப் பாத்தீக?"

"கதவை" என்றேன்.

அதற்குள் அவள் வந்துவிட்டாள். போட்டோவைவிட உயரம். என் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, "நூத்தி நாப்பத்திரெண்டு" என்றாள்.

"நாப்பத்தி நாலு. நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "விசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயந்துட்டீக. ஆபத்துன்னு நெனச்சா உடம்பு ஓடத் தயாராயிரும். ரத்தத்தக் காலுக்கு அனுப்பிட்டு வயித்துக்குக் கொறைச்சிரும். எச்சியும் வத்திரும். மூச்ச இப்படி வேகவேகமா விட்டா வெரலு மரத்து மடங்கத்தான் செய்யும். மெல்ல விடுங்க பாப்போம்... இன்னும் மெல்ல."

விட்டேன். சுண்டுவிரல் முதலில் நிமிர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. வாயில் எச்சில் ஊறியது. சாகப்போவதில்லை! எச்சிலை இவ்வளவு ஆனந்தமாக நான் அதற்குமுன்னும் விழுங்கியதில்லை, பின்னும் விழுங்கியதில்லை.

சாவு விலகியதும்தான் கல்யாணம் ஞாபகம் வந்தது. மாமனார் காலில் முள்ளெடுத்துக்கொண்டே மகளைக் கேட்டார்: "என்ன தாயி, சாயங்காலம் வரச்சொல்லவா, இப்படியே பஸ் ஏத்திவிட்டுறவா?"

"எதுக்குப்பா சாயங்காலம்? நான்தான் பாத்துட்டேன்ல" என்றாள் அவள்.

நாடி மறுபடி எகிறியது. இந்தத் தடவை எண்ணத் தோன்றவில்லை.

"பாத்துட்டு?"

"தேதி வைங்க. தப்பா எண்ணுனாலும் தைரியமாச் சொல்லுதாக."

(நூற்று நாற்பத்து நாலுதான். இன்றுவரை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.)

இப்போதும் சாப்பாட்டின் நடுவே நான் சற்று அவசரமாக எழுந்தால் போதும். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் தட்டைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறார்கள். அவள் மட்டும் அசைவதில்லை.

"கக்கூசுக்குத்தான் போறாக. வந்து சாப்பிடுங்க."