நாற்காலியும் கோழியும்

இடுப்பில் பிடித்த வலி முழங்கால் வரைக்கும் இறங்கியிருந்தது. கோணலன் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தான். இருபத்தேழு வருஷம் சிமெண்டு மூட்டை சுமந்த முதுகு. இடப்பக்கமாகவே சாய்ந்து நடப்பதால் கிடங்கில் அவனுக்கு அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

கொல்லையில் சேவல் கூவியது.

கோணலன் கண்ணைத் திறந்தான். அவன் வீட்டில் சேவல் கிடையாது. இருந்தது ஒரே ஒரு பெட்டைக்கோழி. அதுவும் அடுத்தவர் கோழி.

"என்னங்க, வந்து பாருங்க," என்றாள் மனைவி. பாம்பைப் பார்த்தவள் குரல்.

செம்பழுப்புக் கோழி துணி துவைக்கிற கல்லின்மேல் ஏறி, கழுத்தை நீட்டி, இன்னொரு முறை கூவியது.

"இதுவா?"

"இதேதான்."

"இது பெட்டைதானே?"

"நேத்து வரைக்கும்."

கோழி மேஸ்திரியம்மாவுடையது. கிடங்கில் யாருக்கு எந்த வேலை என்று சீட்டு எழுதுகிறவர். மகள் பிரசவத்துக்காக ஆறு மாசம் வெளியூர் கிளம்பியபோது, மூடி போட்ட கூடையோடு கோணலன் வாசலில் வந்து நின்றார்.

"பத்திரமா பாத்துக்க. முட்டை போட்டா நீயே எடுத்துக்க. நான் வந்ததும் உன்னை எடைமேடைக்கு மாத்துறேன்."

எடைமேடை என்றால் லாரியின் எடையைப் பார்த்து எழுதுகிற வேலை. நாற்காலியில் உட்கார்ந்து எழுதலாம். அன்றிலிருந்து கோணலன் தூக்கத்தில்கூட அந்த நாற்காலியைத்தான் பார்த்தான். சுமைக்காரர்கள் பதினெட்டுப் பேர் இருக்க, தன்னிடம் ஏன் கோழியைக் கொடுத்தார் என்று அவன் கேட்கவில்லை. நாற்காலி தருகிற கையைப் பிடித்து யாரும் கேள்வி கேட்பதில்லை.

வந்த புதிதில் கோழி மூலையிலேயே ஒடுங்கிக் கிடந்தது. முட்டை போடவில்லை. கொண்டை கொஞ்சம் பெரிதுதான். மேஸ்திரியம்மா வீட்டுத் தீனி அப்படி என்று நினைத்துக்கொண்டான். மூன்றாம் மாசம் இறகு உதிர்ந்தது. புதிதாக முளைத்த இறகு கழுத்தில் பளபளத்தது, வாலில் வளைந்தது. இப்போது குரலும் வந்துவிட்டது.

"நம்மளை என்ன நினைப்பாங்க?" என்றாள் மனைவி. "கோழியை அடிச்சுத் தின்னுட்டு, எவன் வீட்டுச் சேவலையோ கட்டி வச்சிருக்கோம்னுதான் நினைப்பாங்க."

"நடந்ததைச் சொல்லுவோம்."

"சொல்லுங்க. உங்க பெட்டை சேவலாயிடுச்சும்மான்னு சொல்லுங்க. நாற்காலி குடுப்பாங்க, தலையில."

முதலில் கோழிமேல் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் சாக்கைப் போட்டார்கள். இருட்டில் இருந்தால் கூவாது என்று கணக்கு. தீனி வைக்கச் சாக்கைத் தூக்கும்போதெல்லாம் கோழிக்குப் பொழுது விடிந்தது. தண்ணீர் வைக்கத் தூக்கினால் மறுபடி விடிந்தது. ராத்திரி வேலை முடித்துப் பகலில் தூங்குகிற பக்கத்து வீட்டுக் கிரேன்காரர் பனியனோடு வந்து நின்றார்.

"ஏம்பா, ஒரு நாளைக்கு ஒரு தடவை விடிஞ்சா உனக்குப் பத்தாதா?"

அரைநாள் கூலியை விட்டுவிட்டு, கோணலன் கோழியை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான். டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், எப்போதிலிருந்து என்ன மாற்றம் என்று கேட்டுக்கொண்டார்.

"பெட்டைதான்."

"கூவுதுங்க."

"கூவும். கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும். வலப்பக்கம் இருக்கிறது பொறந்ததிலேருந்து தூங்கிட்டிருக்கும். சீக்கு வந்து இடது கெட்டுப்போனா, சில சமயம் வலது முழிச்சுக்கும். ஆனா அது சினைப்பையா வளராது, ஆண் பக்கமா வளரும். கொண்டை, வால், குரல் எல்லாம் அந்தப் பக்கம் சாஞ்சுடும்."

ஒரு பக்கம் தேய்ந்தால் மறுபக்கம் சுமையை வாங்கிக்கொள்வது கோணலனுக்குப் புதுச் செய்தி இல்லை.

"திரும்பப் பெட்டையாக்க ஊசி ஏதாவது?"

"இல்ல."

"அப்ப, பெட்டைன்னு எழுதியாவது குடுங்க."

டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தார். சிரிக்காமல் எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

சீட்டை மேஸ்திரியம்மா நம்புவாரா என்று தெரிந்துகொள்ள, சாப்பாட்டு நேரத்தில், கிடங்கில் மூட்டைகளை அட்டியாக அடுக்குகிறவரிடம் காட்டினான். அதுதான் தப்பாகிப் போனது. அட்டிக்காரர் அதை உரக்கப் படித்தார். சீட்டு பதினேழு கை மாறியது.

"கோணலா, நான் ஆம்பளைன்னு எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுப்பா. வீட்ல நம்ப மாட்டேங்குறா."

"கோழியைத் தின்னவன் பாத்திருக்கேன், தின்னுட்டுச் சர்டிபிகேட் வாங்குனவனை இப்பத்தான் பாக்குறேன்."

அட்டிக்காரர் மட்டும் கடைசியில் சிரிப்பை நிறுத்தினார். "நெசமாவே கூவுற பெட்டைன்னா வீட்ல வைக்காதே. குடும்பம் விளங்காது. அறுத்துடு."

"நம்பிக் குடுத்த பொருளுண்ணே. நான் எப்படி அறுப்பேன்?"

சீட்டு திரும்பி வந்தபோது முத்திரை தெரியாத அளவுக்குச் சிமெண்டுக் கைரேகை. நிஜத்தை முத்திரையோடு காட்டியும் சொந்தக் கூட்டாளிகளே நம்பவில்லை. மேஸ்திரியம்மா திரும்பி வருவதற்குள் அவர் காதுக்கு என்ன போய்ச் சேரும் என்று நினைத்தபோது கோணலனுக்கு மூட்டை ஏற்றாமலே முதுகு வளைந்தது.

பொய்தான் வழி என்று முடிவு செய்தான். இரண்டு ஞாயிறு சந்தையைச் சல்லடை போட்டுச் சலித்தான். மேஸ்திரியம்மா கொடுத்தபோது இருந்த அதே செம்பழுப்பு உடம்பு, வலது இறக்கையில் அதே ஒற்றை வெள்ளை இறகு. அச்சு அசலாக ஒரு பெட்டை கிடைத்தது.

கோழி வியாபாரி கோணலன் கொண்டுவந்ததைப் பார்த்தார். "இவ்வளவு நல்ல சேவலைக் குடுத்துட்டு இந்தப் பெட்டையா கேக்குற?"

"ஆமா."

அவசரக்காரன் என்று வியாபாரிக்குப் புரிந்துவிட்டது. "சேவலையும் குடு. நாலு ஞாயிறு வந்து தீவன மூட்டையும் இறக்கிக் குடு."

கோணலன் ஒத்துக்கொண்டான். கோழியைக் கை மாற்றியபோது அது அவனைப் பார்த்தது. கூவவில்லை. அடுத்த ஞாயிறு மூட்டை இறக்கப் போனவன் சும்மா விசாரித்தான்.

"அதுவா? அன்னைக்கே ஒரு விருந்துக்குப் போயிடுச்சு."

கோணலன் அடுத்த மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். அந்த நாலு ஞாயிறு, முதுகில் மிச்சம் இருந்ததையும் தின்று தீர்த்தது.

சொன்னபடி ஆறாம் மாச முடிவில் மேஸ்திரியம்மா வந்தார். பின்னால் அவர் மகள், தோளில் பிள்ளையோடு. மனைவி அன்று காலை போட்ட முட்டையைத் தட்டில் வைத்துத் தயாராக நின்றாள். கோணலன் எவ்வளவு நிமிர முடியுமோ அவ்வளவு நிமிர்ந்து நின்றான்.

மேஸ்திரியம்மா கோழியைத் தூக்கினார். கொண்டையைத் தொட்டார். இறக்கையை விரித்து வெள்ளை இறகைப் பார்த்தார். கோழி அவர் கையில் கொக்கரித்தது.

"முட்டை போடுதா?"

"ஒருநாள் விட்டு ஒருநாள், தவறாமங்க," என்றான் கோணலன். ஆறு மாசத்தில் அவன் திடமாகப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

மேஸ்திரியம்மா கோழியைக் கீழே விட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏதும் குறையாங்க?" என்றாள் கோணலன் மனைவி.

பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்த மகள்தான் பதில் சொன்னாள்:

"எங்க கோழி முட்டை போடாதுண்ணே, அது கூவும். இங்க வர்றதுக்கு முந்தியே கூவ ஆரம்பிச்சிடுச்சு. தெரிஞ்சா யாராவது அறுத்துடுவாங்கன்னு அம்மா ஊர்ல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல, நீங்க மட்டும் அறுக்க மாட்டீங்கன்னுதான் உங்ககிட்ட விட்டாங்க. இதை நீங்களே வச்சுக்கங்க, எங்களுக்கு நீங்க தர வேண்டியது கூவுற பெட்டை ஒண்ணு."