பச்சை நாடா

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டுக் கோடையில் எல்லையில் இரண்டு நாட்டுப் படைகளும் முறைத்துக்கொண்டு நின்றன. அதனால் பெரிதும் பாதிக்கப்பட்டவர் பெங்களூர் ரங்கநாதன். பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் நிர்வாக மேலாளர். வீட்டில் மனைவி வேதநாயகி, கல்யாண வயதில் மகள் அனுஷா.

கம்பெனியின் தலைமையகம் கடலுக்கு அப்பால் இருந்தது. அங்கே வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்ததில், எல்லைக்கும் பெங்களூருக்கும் ஒரு சாண்கூட இல்லை என்று தெரியவந்தது. உடனே 'புவிசார் அரசியல் இடர் மேலாண்மை அதிகாரி' என்று ராஜேஷ்குமாரை அனுப்பிவைத்தார்கள். வந்தவர் எல்லாரையும் கூட்டினார்.

"போர் மூண்டால் உயர்நிலை ஊழியர்கள் விமானத்தில் சிங்கப்பூர் போவார்கள். அவர்கள் அடையாள அட்டைக்குப் பச்சை நாடா. மற்றவர்களுக்கு வெள்ளை."

"வெள்ளைக்காரங்க என்ன சார் பண்ணணும்?" என்று கேட்டாள் கணக்குப் பிரிவு வீணா.

"வழக்கம்போல வேலை பார்க்கணும்."

"குண்டு விழுந்தா?"

"அரை நாள் லீவு எடுத்துக்கலாம்."

அன்றோடு ஊழியர்களுக்குப் போர் பயம் விட்டுப்போய், நாடா பயம் பிடித்துக்கொண்டது. பச்சை கிடைத்தவர்கள் காய்கறி வாங்கப் போகும்போதும் அதைக் கழற்றவில்லை. மற்ற கம்பெனிகளும் சும்மா இருக்குமா? வாரத்துக்குள் ஊரெல்லாம் பச்சை தொங்கியது. ரங்கநாதனுக்குக் கிடைத்தது வெள்ளை.

"பொண்ணோட அப்பாவுக்கு என்ன நாடான்னு மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க" என்றாள் வேதநாயகி.

"ஜாதகம்தான் பொருந்திடுச்சே!"

"நாடா பொருந்தலையாம். அந்தப் பையனுக்குப் பச்சை. நாளைக்கு ஊரே போனாலும் தலைதீபாவளிக்குப் போக மாமனார் வீடுன்னு ஒண்ணு மிஞ்ச வேணாமா?"

அனுஷாவுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டிருந்தது. அவள் சாப்பிடாமல் எழுந்து போனதை ரங்கநாதன் பார்த்தார். மறுநாள் ராஜேஷ்குமாரின் அறைக்குப் போய் நின்றார்.

"சார், கேன்டீன், பஸ், ஜெனரேட்டருக்கு டீசல், எல்லாம் நான்தான் பாக்குறேன். நான் இல்லாட்டி ஒருநாள் ஓடாது."

"அதனாலதான் உங்களுக்கு வெள்ளை. நீங்க போயிட்டா டீசல் யார் வாங்குவாங்க? தான் இல்லாமலே வேலை நடக்கும்கிற உயரத்துக்கு வந்தவங்களுக்குத்தான் பச்சை."

நியாயம்தானே? ரங்கநாதன் அந்த உயரத்துக்கு ஏறத் தீர்மானித்தார். கேன்டீனை வீணாவிடம் தள்ளினார். பஸ்ஸையும் டீசலையும் வாசல் காவலர் கிருஷ்ணப்பாவின் தலையில் கட்டினார்.

"இந்த ஜவாப்தாரி எல்லாம் நமக்கு பேடா சார்" என்று கிருஷ்ணப்பா கன்னடம் கலந்து, வேண்டாமென்று கும்பிட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை.

ஒரே மாதத்தில் ரங்கநாதனுக்கு மூச்சு விடுவதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று. ராஜேஷ்குமார் நேரில் வந்து, கைதட்டல்களுக்கிடையே, அவர் கழுத்தில் பச்சை நாடாவை அணிவித்தார். அன்று மாலையே நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள்.

பிறகு ஒத்திகை நடந்தது. பச்சை நாடாக்காரர்களை ஏற்றிக்கொண்டு விமான நிலையம் கிளம்பிய பஸ் டிராபிக்கில் மாட்டிக்கொண்டு, விமானத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் சாயங்காலம் திரும்பியது. அலுவலகத்தில் அவர்களை யாரும் தேடவில்லை. அன்று மீட்டிங் எதுவும் நடக்காததால் வேலைகள் மதியமே முடிந்திருந்தன.

எல்லையில் பதற்றம் தணிந்தது. தலைமையகம் ஒத்திகை அறிக்கையைப் படித்து மகிழ்ந்தது. இத்தனை பேர் இல்லாமலே அலுவலகம் சிறப்பாக இயங்கும் என்பதை நிரூபித்துக் காட்டியமைக்கு மனமார்ந்த நன்றி தெரிவித்து, பச்சை நாடாக்காரர்கள் அனைவரையும் வேலையிலிருந்து நீக்கியது. நாடாவை மட்டும் நினைவுப் பரிசாக வைத்துக்கொள்ளச் சொன்னது.

ரங்கநாதன் யாரிடமும் மூச்சு விடவில்லை. நாடாவோடுதான் கல்யாண மண்டபத்துக்குப் போனார். அங்கே மாப்பிள்ளையின் கழுத்தில் மாலைக்கு அடியில் பச்சை நாடா, சம்பந்தி கழுத்தில் பச்சை நாடா, பந்தியில் பாதிப் பேர் கழுத்தில் பச்சை நாடா. பாயசம் பரிமாறும்போது சம்பந்தி காதோடு கேட்டார்.

"உங்களையும் அனுப்பிட்டாங்களா?"

ரங்கநாதன் தலையாட்டினார்.

"எங்க பையனையும்தான். கவலைப்படாதீங்க. மறுபடி சண்டை வரும்போல இருக்கு. சிங்கப்பூர் கூட்டிட்டுப் போக ஆள் வேணும்ல? நம்மளைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க."

பக்கத்து இலைக்காரர்கள் இதைக் கேட்டு முகம் மலர்ந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் வரிசையாக மேடையேறி, மணமக்கள் நூறாண்டு வாழ வேண்டும் என்று அட்சதை தூவிவிட்டு, சீக்கிரம் போர் வர வேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டார்கள்.