பொறுங்க நானாவின் குறுக்கீடுகள்

மாத்தளையில் ஒரு காரியமும் ஒரே மூச்சில் முடியாமல் போவதற்கு அரசாங்கம் காரணமல்ல; பொறுங்க நானாதான் காரணம். அவருக்கு உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும்.

எங்கள் ஊர் முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; அவர் எங்கள் எல்லாருக்குமே நானா. ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். ஞாயிறு பின்னேரங்களில் கடையின் பின்பக்கம் நாங்கள் நாலைந்து பேர் பூதச் சீட்டு ஆடுவோம். ஆளுக்கொரு பூதப்படை, அடுத்தவன் படையை மந்திரச் சீட்டால் வீழ்த்த வேண்டும். மந்திரம் போடுகிறவன் யாரைக் குறி வைக்கிறான் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அது பலிப்பதற்குமுன் குறுக்கே பாய, குறி வைக்கப்பட்டவனுக்கு உரிமை உண்டு. இந்தச் சட்டத்தை நானா பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி மனப்பாடம் செய்திருந்தார்.

ஒருநாள் அவருடைய கல் யானைச் சீட்டின்மேல் நான் இடி மந்திரம் போட்டேன்.

"பொறுங்க" என்றார். அந்த யானையைத் தானே பலி கொடுத்து, பதிலுக்கு ரெண்டு குரங்கு எடுத்துக்கொண்டார். "குறி வச்ச யானை இப்ப இல்ல தம்பி. ஒங்க இடி வீணாப் போச்சு."

"அப்ப குரங்கு மேல விழட்டும் நானா."

"அது எப்பிடி? நீங்க குரங்கச் சொல்லலயே."

பொழுதுசாய்ந்து பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லும்வரை வாதாடினோம். யானையும் போய், இடியும் போய், என் தொண்டையும் போனது.

சட்டம் சீட்டோடு நிற்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் கோழிக் கொத்து ரொட்டி சொல்லுவார். கொத்துகிற சத்தம் தொடங்கியதும், "பொறுங்க. சொல்லியாச்சு, இன்னும் பலிக்கல. முட்டைக் கொத்தா மாத்துங்க" என்பார். அந்தக் கடையில் நாங்கள் இப்போது சாப்பிடுவதில்லை.

இப்படிப்பட்டவரை நான் பெண் பார்க்க இரத்தோட்டைக்குக் கூட்டிப்போனேன். எங்களிடம் வேன் இல்லை, நானாவிடம் இருந்தது. வேனோடு நானாவும் வந்துவிட்டார். போட்டோவிலேயே சுமதியை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. இந்த இடம் தட்டிப்போகக் கூடாதென்று அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. சுமதியின் அப்பா தொண்டையைச் செருமினார். "எங்களுக்குப் பூரண சம்மதங்க. தை மாசமே வச்சிக்கிருவோம்."

அம்மா வாயெல்லாம் பல்லாக ஒரு லட்டை எடுத்தார்.

"பொறுங்க" என்றது ஒரு குரல்.

லட்டு பாதி வழியில் நின்றது. எனக்கு அவர் கழுத்தை நெரிக்கத் தோன்றியது.

"நீங்க யாருங்க?" என்றார் சுமதியின் அப்பா.

"வேன்காரன். இது யாரக் குறி வச்ச பேச்சு? தங்கச்சியத்தானே? அவங்க வாயத் தொறக்காம இது எப்பிடிங்க பலிக்கும்?"

எல்லாரும் கதவோரம் பார்த்தோம். தேநீர்த் தட்டைப் பிடித்தபடி நின்ற சுமதி, மெதுவாக வாயைத் திறந்தாள். "நர்ஸிங் படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருசம் இருக்குப்பா. அதுக்கு முன்ன கல்யாணம் வேணாம்."

நானா என் பக்கம் திரும்பினார். "இப்ப ஒங்க முறை தம்பி."

"காத்திருக்கேன்" என்றேன். வேறென்ன சொல்ல?

திரும்பும் வழியெல்லாம் அம்மா வேன்காரரோடு பேசவில்லை. நானும் ஒரு மாதம் பேசவில்லை.

கல்யாணம் ரெண்டு வருடம் கழித்துத்தான் நடந்தது. போன வாரம் சுமதி கறிவேப்பிலை உருவிக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு அவர் கேக்காம இருந்திருந்தா பேசாம தலையாட்டியிருப்பேங்க. படிப்பும் போயிருக்கும். காலம் பூரா ஒங்க மேல வெறுப்புதான் இருந்திருக்கும்."

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. நானா இருக்கும்வரை அந்தக் குறை எனக்குத் தெரியாது.