சனிக்கிழமை கெமிஸ்ட்ரி

"கயல் ஆன்ட்டி! நீங்களா?"

செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் மேஜைக்கடியில் குனிந்திருந்த கயல், இனி ஒளிந்து பயனில்லை என்று தலையைத் தூக்கினாள். எதிரே டாக்டர் அனந்தராமனின் மகள் ஷ்ரேயா. ஹைஸ்கூல் படிக்கும் பெண். கையில் கயலிடம் இருந்த அதே கெமிஸ்ட்ரி புத்தகம்.

தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படக் கூடாது என்றுதான், அமெரிக்காவில் அவள் குடியிருக்கும் ஆலன் நகரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு காலேஜ் இருக்க, ஃபோர்ட் வொர்த்தையும் தாண்டி வந்து இந்தச் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

கயல் ஐ.சி.யூ. நர்ஸ். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸாக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அதற்கென்று தனிப் படிப்பு. அங்கே முதலில் பார்ப்பது மார்க்கைத்தான். கோயமுத்தூரில் 'பாஸாயிட்டேன்!' என்று லட்டு கொடுத்துக் கொண்டாடிய கெமிஸ்ட்ரி மார்க், அமெரிக்கக் கணக்கில் 'சி' ஆகிவிட்டது. அதைத் திரும்பப் படித்து 'ஏ' வாங்க வேண்டும். மயக்க மருந்து டாக்டர் ஒருவரின் சிபாரிசுக் கடிதமும் வேண்டும். அவளுக்குத் தெரிந்த அப்படிப்பட்ட ஒரே டாக்டர் அனந்தராமன். பொங்கல் விழாவில் அவள் கணவன் சபரிநாதன் அவரிடம் பேச்சை எடுத்தான். எடுப்பாக இருக்கட்டும் என்று, "இவ காலேஜ் ஃபர்ஸ்ட், சார்" என்றும் சேர்த்துக்கொண்டான். டாக்டர், "பாக்கலாம், பாக்கலாம்" என்று பாயசத்தின் பக்கம் நகர்ந்துவிட்டார்.

காலேஜ் ஃபர்ஸ்ட் வாங்கியவள் இங்கே என்ன செய்கிறாள்?

"ப்ரொஃபஸருக்கு ஹெல்ப் பண்ண வந்தேன்மா," என்றாள் கயல். "அசிஸ்டென்ட் மாதிரி."

ஷ்ரேயாவின் முகம் வெளிறியது. "அப்போ ஸ்டூடன்ட்ஸ் ரெக்கார்டெல்லாம் பாப்பீங்களா, ஆன்ட்டி?"

"எல்லாம் நம்ம கைலதான்," என்றாள் கயல், சொன்ன பொய் நிற்க வேண்டுமே என்று.

வீட்டுக்கு வந்ததும் சபரிநாதனைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் உங்க வாயால வந்ததுங்க!"

"நானா அசிஸ்டென்ட்டுன்னு சொல்லச் சொன்னேன்? ஏதோ புக்கு வாங்க வந்தேன்னு சொல்றது!"

"அறுபது மைல் தாண்டிப் போயா புக்கு வாங்குவாங்க?"

போன் அடித்தது. டாக்டர் அனந்தராமன்.

"கயல், ஷ்ரேயா சொன்னா. ரொம்ப சந்தோஷம். அவளுக்கு ஸ்கூல் பாடம் பத்தலை. அதான் இப்பவே காலேஜ் கிளாஸ்."

"ஆமா சார், புத்திசாலிப் பொண்ணு."

"நீங்களே கொஞ்சம் அவகூட உக்காந்து சொல்லிக் கொடுங்களேன். நமக்குள்ளயே இருக்கட்டும், வெளியில பேச வேண்டாம். அப்புறம், உங்க லெட்டர்? பிரமாதமா எழுதிடறேன்!"

"சரிங்க சார்" என்று கயல் போனை வைத்தாள்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. வாரம் முழுதும் ஐ.சி.யூ.வில் சாப்பாட்டு நேரத்திலும் புத்தகத்தைப் பிரித்தாள். ஷ்ரேயா கேட்பதற்கு முன் தனக்குப் புரிந்தாக வேண்டும்.

"ஆன்ட்டி, மோல்னா என்ன?"

"நீ என்ன நெனைக்கறே?"

"தெரியலை."

"அவசரப்படாதே. யோசிச்சு அடுத்த வாரம் சொல்லு."

அந்த ஒரு வாரத்தில் கயல் மோலைக் கரைத்துக் குடித்தாள்.

அசிஸ்டென்ட் என்றால் ஏதாவது வேலை செய்ய வேண்டாமா? லேப் முடிந்ததும் ஷ்ரேயா பார்க்கும்படி பீக்கர்களைக் கழுவி வைத்தாள். ப்ரொஃபஸர் மகிழ்ந்துபோனார். அடுத்த வாரம் முதல் வகுப்பின் மொத்தப் பீக்கரும் அவள் தலையில் விழுந்தது.

கடைசிப் பரீட்சையன்று கயலும் பேனாவை எடுப்பதை ஷ்ரேயா திரும்பிப் பார்த்தாள்.

"பேப்பர் கஷ்டமான்னு எழுதிப் பாக்கச் சொல்லியிருக்காரும்மா," என்றாள் கயல்.

இருவருக்கும் 'ஏ'. "பாத்தியா!" என்று சபரிநாதன் குதித்தான். குதித்து முடிப்பதற்குள் டாக்டரின் கடிதம் பார்வைக்கு வந்தது. 'கல்லூரியின் முதல் மாணவி. வேதியியல் பேராசிரியரின் வலது கை.'

"அருமையா எழுதியிருக்காரே!"

"என்னங்க அருமை? அதே கிளாஸ்ல நான் ஸ்டூடன்ட்டுன்னு என் மார்க் ஷீட் சொல்லுமே! ரெண்டையும் சேத்துப் பாத்தா என்னைப் பொய்க்காரின்னுதானே தூக்கிப் போடுவாங்க?"

"அப்போ மார்க் ஷீட்டை அனுப்பாதே."

"அந்த 'ஏ'க்காகத்தானே நாலு மாசமா பீக்கர் கழுவினேன்!"

டாக்டர் நாளை கடிதத்தைக் காலேஜுக்கு அனுப்பிவிடுவார். கயல் காரை எடுத்தாள். வழி நெடுக, "சார், மன்னிச்சுடுங்க" என்பதைப் பல குரல்களில் சொல்லிப் பார்த்தாள். லெட்டர் போனால் போகட்டும். பொய்க்காரி என்ற பேர் நின்றுவிட்டால் இந்த ஜன்மத்தில் எந்தக் காலேஜும் சேர்க்காது.

கதவைத் திறந்தவள் ஷ்ரேயா.

"அப்பா இருக்காரா? உன்கிட்டயும் சொல்லிடறேன். நான் அசிஸ்டென்ட்டும் இல்ல, காலேஜ் ஃபர்ஸ்ட்டும் இல்ல. மார்க் கம்மி, அதான் திரும்பப் படிக்க வந்தேன். யார் ரெக்கார்டையும் நான் பாத்ததே இல்ல."

ஷ்ரேயா உள்ளே கேட்காதபடி கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"அய்யோ ஆன்ட்டி! நான் ஸ்கூல் கெமிஸ்ட்ரியில ஃபெயிலானதை நீங்க ரெக்கார்டுல பாத்துட்டீங்க, ஆலன் பூரா சொல்லிடுவீங்கன்னு பயந்துதான் அப்பா உங்களுக்கு அந்த லெட்டரையே எழுதினாரு!"