துப்பண்ணையும் போடியார் கொலை வழக்கும்

தொலைக்காட்சியைக் கண்டுபிடித்தவன் எந்த வெள்ளைக்காரனாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குத் தமிழ் பேசப் பழக்கியவர் எங்கள் துப்பண்ணை. இதை எந்த நீதிமன்றத்திலும் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன்.

வெற்றிலையே போடாத மனிதர். ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் பெயரைக் கேட்டதும் இரண்டடி தள்ளித்தான் நிற்பார்கள். துப்பறிகிற அண்ணை என்பது சுருங்கித் துப்பண்ணை ஆகியிருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தில் கிறேன் ஓட்டினார். கப்பற்காரர்கள் படித்துவிட்டுக் கொடுக்கும் ஆங்கிலத் துப்பறியும் நாவல்களைக் கிறேன் கூண்டுக்குள் இருந்து படித்துப் படித்து, கீழே நடமாடுகிற எல்லார் மேலும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஒருநாள் கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவரும் முஸ்லிம் பெரியவரை, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவரை, மறித்தார்.

“உங்கட செருப்பில வெள்ளை மணல். நீங்கள் காலமை நிலாவெளிக் கடற்கரைக்குப் போனனீங்கள்.”

“இல்ல தம்பி, ஊட்டுக்குச் சீமெந்து பூசுறாங்க. அந்த மண்ணு.”

துப்பண்ணை அசரவில்லை. “அப்ப மணல் நிலாவெளியில இருந்து வந்திருக்கு. ஆளை மட்டும்தான் பிழையாப் பிடிச்சிட்டன்.”

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மச்சான் சவூதியிலிருந்து ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கொண்டுவந்து தந்தார். தெருவுக்கு அது ஒன்றுதான். சனிக்கிழமை பின்னேரங்களில் ஆங்கிலத் துப்பறியும் நாடகம் போகும். பழைய காலத்து நாவல்களை இந்தக் காலத்துக்கு மாற்றி எடுத்திருந்தார்கள். முதல் நாளே துப்பண்ணை கொதித்துப்போனார்.

“புத்தகத்தில குதிரை வண்டி. இவன் காரில போறான்! அங்க நம்மட துப்பறியிற ஆள் சேத்துக்குள்ள படுத்துக் கிடந்து கண்டுபிடிச்சதை, இவன் டெலிபோனில கேட்டு அறியிறான்!”

“காலத்துக்கு ஏத்தமாதிரி மாத்தத்தானே வேணும் அண்ணை,” என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “அவன் காலத்துக்கு மாத்தலாம் எண்டால், நான் ஊருக்கு மாத்தலாம்தானே?”

அடுத்த சனி, கதிரையை ஒதுக்கிவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். படம் ஓட ஓடத் தமிழில் கதை சொன்னார். ஆங்கிலப் பிரபு, ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருக்கிற தோப்பூர்ப் போடியார் ஆனார். மூடுபனிச் சேற்று நிலம் சம்பூர்க் கரை ஆனது. சமையல்காரன் வாய் திறக்க முதலே, “போடியார், புட்டு ஆறுது” என்பார். அந்த வெள்ளைக்காரனும் சரியாக அதே நேரம் பாத்திரத்தின் மூடியைத் திறப்பான். அரசாங்கக் கந்தோரில் ஆங்கிலத்தில் வேலை செய்தவன் நான், இரண்டையும் கேட்டவன். துப்பண்ணையின் கதைதான் திறம். நாடகத்தில் ஓட்டை இருந்த இடமெல்லாம் அவர் அடைத்துக்கொண்டே போவார். நான் வாய் பிளந்து பார்த்தது பெட்டியை அல்ல.

இதற்கிடையில் எங்கள் தெரு றீற்றா அக்காவின் புருஷன், இரவுச் சாப்பாடு சாப்பிட்ட கையோடு கதிரையில் சாய்ந்து செத்துப்போனார். மாரடைப்பு என்றார் டொக்டர். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரோ, “சோத்துக்குள்ள என்ன கிடந்ததெண்டு ஆர் கண்டது?” என்றார். அவ்வளவுதான். பிறகு அக்காவின் கையால் ஒருவரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அவவும் வெளியே வருவதை விட்டுவிட்டா. என் மனைவி கெஞ்சிக் கூத்தாடி ஒரு சனிக்கிழமை கூட்டிவந்து தான் சமைக்கிற குசினியின் வாசலில் இருத்தினாள்.

அன்றைக்கென்று கதை இப்படி அமைந்தது: மனைவி பரிமாறிய சூப்பைக் குடித்துவிட்டுப் பணக்காரன் ஒருவன் சாகிறான்.

தலைகள் ஒவ்வொன்றாகக் குசினிப் பக்கம் திரும்பின. மனேச்சர் தொண்டையைச் செருமினார். அக்கா எழும்பப் பார்த்தா. மனைவி கையைப் பிடித்து இருத்தினாள். அதற்குள் பெட்டிக்குள் துப்பறிகிறவன் தெளிவான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான், நஞ்சு வைத்தவள் மனைவிதான் என்று.

“என்னவாம்? கொலைகாரன் ஆராம்?” என்றார் காக்கா.

துப்பண்ணை ஒரு கணம் குசினி வாசலைப் பார்த்தார். “கொலையே இல்லையாம்.”

“என்னது!”

“நெஞ்சு தானா நிண்டிருக்கு. டொக்டர் முதல்நாளே சொன்னவர், ஊர்தான் கேக்கேல்லை. நம்மட ஆள் இவ்வளவு நேரமும் தேடினது கொலைகாரனை இல்லை. அந்தப் பெண்பிள்ளையைப் பற்றிக் கதை கட்டின ஆளை.”

தெருவில் ஒரு கோழி செத்தாலும் கொலை என்று சாதிக்கிற மனிதர் இதைச் சொன்னார்! ஆனால் பெட்டி அவருக்கு உதவுவதாயில்லை. இரண்டு பொலிஸ்காரர்கள் வந்து அந்த மனைவிக்கு விலங்கு மாட்டினார்கள். அவள் கதறினாள்.

மனேச்சர் துள்ளி எழும்பினார். “அப்ப ஏன் காணும் விலங்கு போடுறாங்கள்?”

“விலங்கில்லை, காப்பு. விசாரணைக்கெண்டு கழட்டி வச்சிருந்ததைத் திருப்பிப் போட்டுவிடினம்.”

“ரெண்டையும் சங்கிலியால கட்டியெல்லோ கிடக்கு!”

“வெள்ளைக்காரரின்ர காப்பு அப்பிடித்தான். துலையாமல் இருக்கிறதுக்கு.”

“பிறகேன் அழுகிறாள்?”

துப்பண்ணை இப்போது பெட்டியைப் பார்க்கவில்லை. மனேச்சரைப் பார்த்தார். “புருஷனையும் குடுத்து, பழியையும் கேட்டால் அழாமல் என்ன செய்யிறது? நீங்கள் எண்டால் சிரிப்பீங்களோ?”

“கதை கட்டினவன் பெரிய பாவி,” என்றார் காக்கா மெதுவாக. மனேச்சர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அந்தப் பேச்சை அவர் திரும்ப எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

றீற்றா அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினா. அழுகிறா என்றுதான் நினைத்தோம். “காப்பாம்!” என்று என் மனைவியின் தோளில் விழுந்தபோதுதான் சிரிப்பது தெரிந்தது. அக்கா கொன்வென்ற்றில் படித்தவ. ஆங்கிலம் அவவுக்கு என்னைவிட நன்றாக விளங்கும். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

அடுத்த சனி ஒரு தட்டு நிறையப் பயத்தம் பணியாரம் கொண்டுவந்தா. வீடு நிறையச் சனம். ஒரு கையும் நீளவில்லை. துப்பண்ணை கதையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, ஒன்றை எடுத்து முழுதாக வாய்க்குள் போட்டார். பெட்டிக்குள் துப்பறிகிறவன் முக்கியமான எதையோ விளக்கிக்கொண்டிருந்தான்.

“என்னவாம் தம்பி?” என்று காக்கா கத்தினார். துப்பண்ணை கையைக் காட்டிப் பொறுக்கச் சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்தார். காக்காவும் எழும்பி வந்து ஒன்றை எடுத்தார். பிறகு எல்லோரும் வந்தார்கள்.

அன்றைய நாடகத்தில் யார் கொலைகாரன் என்று எங்கள் தெருவுக்கு இன்றுவரை தெரியாது. ஆங்கிலம் தெரிந்த நானும் கவனிக்கவில்லை. அந்த மனிதர் சாப்பிடுகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.