பிள்ளைவாளின் கெட் அப்

“கெட் அப்” என்று சொல்லிவிட்டுச் சிவசண்முகம் பிள்ளை எழுந்து நின்றார். இலையில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது.

“பாதிச் சாப்பாட்டுல எங்க எந்திரிக்கிய?” என்றாள் மனைவி சொர்ணாம்பாள்.

“எங்கயும் இல்ல. பாடம் வாயில வந்துட்டு. வந்தா உடம்பு சும்மா இருக்க மாட்டேங்கு.”

“சரி, உக்காருங்க.”

“தமிழ்ல சொன்னா எப்படி? ‘சிட் டவுன்’னு சொல்லு.”

“சிட்டும் வேண்டாம், குருவியும் வேண்டாம். ரசத்தைப் பிடிங்க.”

பேட்டையில் பிள்ளைக்கு நிலாவாரை இலை வியாபாரம். காய்ந்த இலை கிட்டங்கியில் கூரை முட்டக் கிடந்தது. சீமையில் வயிறு கழிய அதைக் காய்ச்சிக் குடிப்பார்களாம். வாங்க வரும் துரைக்கும் பிள்ளைக்கும் நடுவில் மேலப்பாளையம் தரகர் அகமது மீரான். பக்கத்துக் கடைக்காரன் காதில் விலை விழாமல் இருக்க, கைமேல் துண்டைப் போட்டு, அதற்கடியில் துரையின் விரலைப் பிடித்துப் பேசுவார்; பிடித்த விரல் எத்தனையோ அதுதான் விலை. பிறகு பிள்ளையின் விரலைப் பிடிப்பார். இடையில் எவ்வளவு கரைந்தது என்பது மீரானுக்கும் அந்தத் துண்டுக்கும்தான் தெரியும்.

அந்தத் துண்டை ஒழிக்கத்தான் பிள்ளை இங்கிலீஷ் படிக்க இறங்கினார். பாளையங்கோட்டை மிஷன் பள்ளி வாத்தியார் ஜெபசீலன் சாயங்காலங்களில் வந்தார்.

“பெரிய வார்த்தை எதுக்கு அண்ணாச்சி? வெள்ளைக்காரன் வாயில நாள் முழுக்க உருளுதது சின்ன வார்த்தைதான். கெட், புட், டேக். பின்னால ஒரு வால். ‘கெட் அப்’னா எந்திரி. ‘கெட் அவுட்’னா வெளிய போ. ‘கெட் ஆன்’னா வண்டியில ஏறு.”

“ஒரே மூட்டைதான். சீட்டை மாத்தி ஒட்டுனா வேற ஊருக்குப் போயிரும்.”

“அதேதான்!”

சொல்லும்போதே செய்ய வேண்டும் என்பது வாத்தியார் முறை. அதுதான் வினையாயிற்று. சொல் வந்தால் உடம்பும் வந்தது.

“நல்லதுக்குத்தான்” என்றார் ஜெபசீலன். “எனக்கு இன்னொரு மாணாக்கர் உண்டு. பெரிய மனுசன். பேரைச் சொன்னா மானக்கேடாம், சொல்லக் கூடாதுன்னு கட்டளை. மாசக்கணக்கா இதே பாடம்தான். சொன்னா செய்வாரு, திருப்பிச் சொல்லுவாரு, அதுக்கு மேல ஒரு அடி நகரல. அவருக்கு நீரு எவ்வளவோ மேல்.”

பிள்ளைக்கு அன்று தலைப்பாகை ஒரு சுற்று பெருத்தது. ஊரார்மேல் பழக ஆரம்பித்தார். மூட்டை சுமந்து போனவனிடம் கையை இறக்கிக் காட்டி, “புட் டவுன்!” என்றார். அவன் அவர் கால்மேலேயே இறக்கினான். வலி தாங்காமல் நொண்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மீரான் வந்தார்.

“பிள்ளைவாள், இந்த வருசம் துரைகிட்ட எப்படிப் பேசட்டும்?”

“நீரு பேச வேண்டாம் வே. நானே பேசிக்கிடுதேன். கெட் அவுட்!” கை தெருவைக் காட்டியது.

மீரான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ‘முதல் பேச்சே பலித்துவிட்டது’ என்று பிள்ளைக்குப் பெருமை.

மறுநாளே துரை வெள்ளிக்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. அதே நாள் பாபநாசம் மலைமேல் மேகம் கறுத்தது. ஈரம் பட்டால் இலையும் கறுத்துவிடும். கறுத்த இலையை மாடுகூட முகராது. ஒரு வருசச் சரக்கு.

“சார்வாள், பக்கத்துல வந்து நின்னா போதும்” என்று பிள்ளை வாத்தியாரிடம் கெஞ்சினார்.

“வெள்ளிக்கிழமை அந்த மாணாக்கருக்குப் பாடம் இருக்கே, அண்ணாச்சி. தைரியமா பேசும். படிச்சதெல்லாம் வரும்.”

வந்தது. துரை வண்டியை விட்டு இறங்கியதும் பிள்ளை, “கம் இன்!” என்றார். துரை உள்ளே வந்தார். “சிட் டவுன்!” இருவரும் உட்கார்ந்தார்கள். பிள்ளைக்குப் புல்லரித்தது.

அடுத்து இலையைப் பற்றிப் பேச வேண்டும். வாய் திறந்தது. வந்தது “கெட் அப்!”

பிள்ளை எழுந்தார். துரையும் எழுந்தார்.

“டேக் ஆஃப்!” தலைப்பாகையும் தொப்பியும் ஒன்றாக இறங்கின.

துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. “புட் ஆன்!” என்றார் அவர். இரண்டும் ஏறின. “லுக் அப்!” என்றார் பிள்ளை. இருவரும் கிட்டங்கிக் கூரையைப் பார்த்தார்கள். “டர்ன் ரவுண்ட்!” என்றார் துரை. இருவரும் முதுகோடு முதுகு காட்டி நின்றார்கள்.

அப்படித் திரும்பியபோதுதான் வேப்பமரத்தடியில் மீரான் நிற்பது பிள்ளையின் கண்ணில் பட்டது.

“நீரு இங்கன என்ன செய்யுதீரு?”

“வெளிய போகச் சொன்னீரு. வெளியதான் நிக்கேன்.”

மேற்கே இடி உருண்டது. பிள்ளையின் குரல் இறங்கிவிட்டது. “மீரான், இந்த மனுசன் நான் சொன்னதெல்லாம் செய்யுதாரு. இலையை மட்டும் வாங்க மாட்டேங்காரு. நான் பேசுனது தப்புதான் வே. அந்தத் துண்டை இங்கன போடும்.”

மீரான் பைய நடந்து வந்து துண்டை விரித்தார். “நடுவுல நான் வேண்டாம், பிள்ளைவாள். உம்ம கையையே வையும்.”

பிள்ளை கையை நுழைத்தார். துண்டுக்கடியில் ஒரு தடித்த கை ஏற்கெனவே காத்திருந்தது. விரல் பிடித்தது, மடக்கியது, உதறியது, மறுபடி பிடித்தது. பாட்டன் காலத்துப் பேச்சு. துரை முனகினார், பிள்ளை நெஞ்சில் அடித்துக்கொண்டார், துண்டு குலுங்கியது. முடிந்தபோது விலை, மீரான் வாங்கித் தந்ததைவிட ஒரு விரல்தான் கூடுதல்.

‘பாவி, யோக்கியமாத்தான் இருந்திருக்கான்’ என்று நினைத்துக்கொண்ட பிள்ளை, “உம்ம தரகு உமக்குத்தான் வே” என்று மீரான் முதுகில் தட்டினார். முதல் துளி விழுமுன் மூட்டைகளுக்குமேல் பாய் மூடி வண்டிகள் நகர்ந்தன.

அப்போது, மாணாக்கர் வீட்டுக்குப் பாடம் சொல்லப் போயிருந்த ஜெபசீலன் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவரைக் கண்டதும் துரை தொப்பியைக் கழற்றி, பாடம் படிக்காத பையனைப்போல் கைகட்டி நின்றார்.

“சார்வாள், இந்தத் துரையை உமக்குத் தெரியுமா?” என்றார் பிள்ளை.

“உம்மவிட மந்தம்னு சொன்னேன்லா அண்ணாச்சி, அந்த மாணாக்கர் இவருதான், ஜெர்மனிக்காரரு, இங்கிலீஷ்ல நாம சொல்லிக் கொடுத்ததுதான் இவருக்கும் தெரியும்!”